பெற்றவர் கையெழுத்து எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை நான் முப்பது வருஷத்துக்கு மேலாக வாசிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நடுப்பக்கக் கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது. பெற்றவர்கள் கையெழுத்து இல்லாமல் பிள்ளைகளின் திருமணத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டு, ஊர்ப் பெரியவர்களும் அதற்குத் துணை நின்றால், நம் மாவட்டத்தில் நடக்கும் ஆணவக் கொலைகள் தானாகக் குறையும் என்று. அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எழுதியவர் படித்தவர், நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

நான் ஒரு பத்திர எழுத்தர். தாமிரபரணிக் கரையில் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில், 36 வருஷமாக மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு தடவை 19 வயசுப் பெண் ஒருத்தி, பாட்டி அவள் பேருக்கு உயில் எழுதிவைத்த 22 சென்ட் நஞ்சையை விற்க வந்தாள். நான்தான் கிரயப் பத்திரம் எழுதினேன். அவள் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் போதும் என்று பதிந்தார்கள். அப்பா எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதே பெண் கல்யாணத்தைப் பதிய வந்தால் மட்டும் அவள் கையெழுத்து போதாது, இன்னொருவர் வந்து போட வேண்டும் என்றால், அவளுடைய வாழ்க்கை யார் பேரில் பட்டா ஆகியிருக்கிறது என்று உங்கள் கட்டுரையாளர் சொல்ல வேண்டும்.

சட்டம் தெரியாதவர் இல்லை நீங்கள். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 நிறைந்திருந்தால் போதும். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டத் திருத்தம் வந்தது. மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் கல்யாணம்தான், புரோகிதர் வேண்டாம். அப்பா வந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. அதற்கு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2018 மார்ச்சில் வந்த இன்னொரு தீர்ப்பும் உங்களுக்குத் தெரிந்ததே. வயசுக்கு வந்த இரண்டு பேர் மனம் ஒத்துச் சேரும்போது குடும்பத்தின் சம்மதமோ, சாதியின் சம்மதமோ, ஊர்க்கூட்டத்தின் சம்மதமோ தேவையில்லை என்ற தீர்ப்பு. அதை அன்றைக்கு உங்கள் பத்திரிகையே போட்டிருக்கும். நாட்டின் பெரிய கோர்ட்டு வேண்டாம் என்று எடுத்துப்போட்ட சம்மதத்தை, நீங்கள் திருநெல்வேலிக்கு மட்டும் திருப்பிக் கேட்கலாமா?

மதம் மாறாமல் கட்டிக்கொள்கிறவர்களுக்கு 1954-ல் வந்த சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் 30 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். பேர், வயசு, தொழில், முகவரி எல்லாம் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பலகை வாசலை ஒட்டிய சுவரில் மாட்டியிருக்கிறது, கண்ணாடி போய் ரொம்ப நாளாயிற்று, துருப்பிடித்த குண்டூசியில் காகிதம் ஆடிக்கொண்டே இருக்கும். நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு பையனும் பெண்ணும் வந்தார்கள். அவன் கிறிஸ்தவன், இவள் இந்து. மனு நான்தான் எழுதினேன். நாலாம் நாள் எவனோ பலகையைப் போனில் படம் பிடித்துவிட்டான். சாயங்காலம் கார் வந்து நின்றது. பெண்ணின் தாய்மாமன் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு ஆட்சேபணை மனு எழுதணும்."

"காரணம் என்னன்னு எழுத?"

"எங்க குடும்பத்துக்குப் பிடிக்கலன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு காரணம் சட்டத்துல இல்ல அண்ணாச்சி. வயசு குறைவா இருக்கணும், இல்ல ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கணும். அந்த மாதிரி இருந்தாத்தான் எழுத முடியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. பலகையைப் பார்த்து, பெண் தங்கியிருந்த முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனார். மனு எழுத வேண்டிய அவசியமே அவருக்கு இல்லாமல் போயிற்று, அரசாங்கமே முகவரியைச் சுவரில் ஒட்டிக் கொடுத்திருக்கும்போது. இரண்டு நாளில் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். முப்பது நாள் முடிந்த அன்றைக்கு அந்தப் பையன் ஒரு பிளாஸ்டிக் பையில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு வந்து, என் மரத்தடி பெஞ்சில் காலை பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் இருந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. மூன்று மாதத்தில் அறிவிப்பு காலாவதி ஆனது, வெயிலில் எழுத்து வெளுத்துப்போன பிறகும் அந்தக் காகிதத்தை யாரும் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்ன பிறகும் அந்தப் பலகை அதே இடத்தில்தான் தொங்குகிறது.

இனி ஊர்ப் பெரியவர்கள் விஷயம். கட்டுரையாளர் அவர்களை எங்கே பார்த்தார் என்று தெரியவில்லை. நான் 1987-ல் பார்த்தேன். எங்கள் வீட்டுத் திண்ணை அறையை அப்பா ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாடகைக்கு விட்டார். வாத்தியார் வேறு சாதி. அவ்வளவுதான் குற்றம். கோயில் முன்னால் கூட்டம் போட்டு அப்பாவைக் கூப்பிட்டு, "ஊரு சொன்னா சொன்னதுதான் வே, 501 ரூவா தெண்டம் கட்டி சபையில விழுந்து கும்பிட்டிரும், முடிஞ்சுபோகும்" என்றார்கள். அப்பா, ரூபாய் வேண்டுமானால் தருகிறேன், விழ மாட்டேன், வாத்தியாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாளிலிருந்து தெருக்கடையில் எங்களுக்கு உப்புகூடக் கிடையாது. தங்கச்சியைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அந்த வருஷம் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்க நோட்டோடு வந்தவர்கள் எதிர்வீட்டில் வாங்கினார்கள், பக்கத்து வீட்டில் வாங்கினார்கள், எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். அம்மா கையில் வரிப் பணத்தை மடித்து வைத்துக்கொண்டு நிலையில் நின்றுகொண்டிருந்தாள். கொடை அன்றைக்கு ராத்திரி வில்லுப்பாட்டுச் சத்தம் கேட்கிறது, அம்மா புறவாசலில் இருட்டில் உட்கார்ந்து கேட்டாள். வரி வாங்காத வீட்டுக்குத் திருநீறும் வராது. அப்பா சாகிற வரைக்கும் அந்தக் கோயில் வாசலுக்குப் போகவில்லை.

இதை எந்த போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க முடியும்? யாரும் அடிக்கவில்லை, வெட்டவில்லை. உப்பு தரவில்லை, வரி வாங்கவில்லை. அந்தப் பெரியவர்களைத்தான் உங்கள் கட்டுரை அரசாங்கத்துக்குத் துணையாக நிற்கச் சொல்கிறது.

ஊர்ப் பெரியவர்களும் அரசாங்கமும் சேர்ந்து நின்ற காலம் ஒன்றும் இருந்தது. தென் மாவட்டங்களில் சில சாதியில் பிறந்த குற்றத்துக்காகவே ஆண்பிள்ளைகள் ரேகை பதிய வேண்டும், ஊர் தாண்ட சீட்டு வாங்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் வைத்திருந்தான். ஊரில் முன்சீப்பு கணக்கு வைப்பார், ஸ்டேஷனில் போலீஸ் கணக்கு வைப்பான். நாடு முழுக்க அது ஒழிய 1952 ஆயிற்று. நான் தினமும் ரேகை மை தொட்டுப் பிழைக்கிறவன். பெருவிரலை நீட்டும்போது இன்றைக்கும் சில கிழவர்களுக்குக் கை நடுங்கும். அவர்கள் அப்பாமார் எதற்காக விரல் நீட்டினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

போலீஸ் ஸ்டேஷனைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று கூட்டிப்போன தந்தையும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. கடை அடைக்கிற நேரத்தைக் கண்காணிக்கக் கொடுத்த அதிகாரம் அங்கே போய் முடிந்தது. கல்யாணத்துக்குச் சம்மதம் உண்டா என்று பார்க்கும் அதிகாரத்தையும் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும்? இப்போதே வயசு வந்த பெண்ணை ஸ்டேஷனில் உட்காரவைத்து, போனை வாங்கி வைத்துக்கொண்டு, "அம்மா அழுறாள்ல, யோசிச்சுச் சொல்லு" என்று பொழுது சாயும் வரைக்கும் பஞ்சாயத்து பேசுகிறார்கள். என் சினேகிதர் மகளுக்கு நடந்தது, நானும் கூட இருந்தேன்.

சொத்து விஷயத்திலும் இதே கதைதான். 1989-ல் நம் மாநிலத்தில் பெண்பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தது, நான் தொழிலுக்கு வந்த வருஷம். அதற்கப்புறம் என் மேஜையில் கூடின வேலை, தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் காரில் கூட்டிவருவார்கள், ஒரு பட்டுச்சேலையும் கொஞ்சம் ரூபாயும் கொடுத்திருப்பார்கள், அக்கா தங்கச்சி தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். சம்மதமா என்று கேட்டால் சம்மதம் என்பாள். பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடும் என்ற பயத்தில் சொல்கிற சம்மதம் அது. குடும்பத்தின் கையெழுத்து என்று நீங்கள் கேட்பது எப்படி வாங்கப்படும் என்று எனக்குத் தெரியும், நானே எழுதிக் கொடுத்துக் கூலி வாங்கியிருக்கிறேன்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்கு நம் மாவட்டமே போகிறது. அங்கே பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை கட்டுகிறோம். பிராமணராகப் பிறந்தும் பூணூலை அறுத்தெறிந்து, செருப்புத் தைத்து, அந்தத் தொழில் செய்த வீட்டுப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டவர் அவர். தன் சாதியின் சம்மதத்துக்காகவா அவர் காத்திருந்தார்? மலைமேல் அவரைக் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்ததும் வீட்டுப் பிள்ளைக்கு அரிவாள் எடுக்கிறோம். பெற்றவர் கையெழுத்து இல்லாததால் கொலை நடக்கிறது என்று எழுதினால், வெட்டியவனிடம் கேட்காமல் போனது பிள்ளைகளின் தப்பு என்று ஆகிறது. அந்த வரி எனக்கு ஆறாமல் கிடப்பது இதனால்தான்.

கடைசியாக உங்களிடமே ஒரு குறை. "காதல் ஜோடி காவல் நிலையத்தில் தஞ்சம்" என்று உங்கள் திருநெல்வேலிப் பதிப்பில் வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. மாலையோடு படம், பையன் எந்தத் தெரு, பெண்ணின் அப்பா பேர், இன்ன ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பி வைக்கப்பட்டார்கள் என்பது வரைக்கும். தஞ்சம் கேட்டு வந்தவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பது செய்தியா? எங்கள் சுவரில் தொங்குவது ஒரு பலகை. உங்களுடையது வீடுதோறும் காலை ஆறு மணிக்கு வந்து விழுகிறது.

நான் கேட்பது இரண்டே இரண்டு. அந்தச் செய்திகளில் படமும் முகவரியும் போடாதீர்கள். அந்த 2018 தீர்ப்பில் மாவட்டத்துக்கு ஒரு தனிப்பிரிவும், 24 மணி நேரமும் எடுக்கிற தொலைபேசியும், பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் அந்த எண் எது என்று காவல்துறையிடம் கேட்டு வாங்கி, செய்திக்குக் கீழே கட்டம் கட்டிப் போடுங்கள். நீங்கள் போட்டால் அதை வெட்டி அந்தப் பலகையில் ஒட்டச் சார்பதிவாளரிடம் அனுமதி கேட்பேன். அவர் மறுத்தால் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன், எழுத வருகிறவர்கள் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
திருநெல்வேலி மாவட்டம்.