அநாதை ரயில் நாவல் எழுதும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்துவிட்டேன். முதல் முறை ஒரே மூச்சில்; இரண்டாவது முறை கையில் பென்சிலோடு. அந்த ஐரிஷ் சிறுமி நியூயார்க்கில் ரயிலேறும்போது தம்பியின் புது ஷூ காலுக்குப் பெரிதாக இருக்கிறதென்று முனையில் துணி திணித்துவிடுகிறாளே, அந்த இடம் இன்னும் மனசில் நிற்கிறது. எழுத்து உனக்கு வருகிறது கண்ணு.

பென்சில் நின்றது முதல் பக்கத்தில்தான். 'அப்பா கப்பலில் செத்தார், அம்மாவைக் காய்ச்சல் கொண்டுபோனது' என்று ஒரே வரியில் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டாய். அநாதை ரயில் என்ற பெயர் உன்னை அப்படி எழுத வைத்திருக்கிறது. அந்தப் பெயர் பின்னாளில் பரவியது. 1853இல் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற பாதிரியார் நியூயார்க்கில் தொடங்கிய சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டி தன் வேலையை அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகளை 'வெளியிடங்களில் அமர்த்துவது' என்றுதான் சொன்னது. 1854 முதல் 1929 வரை சுமார் 2 லட்சம் பிள்ளைகள் இப்படி அமெரிக்காவின் கிழக்கு நகரங்களிலிருந்து ரயிலேறி, மேற்கே முன்பின் தெரியாத குடும்பங்களோடு வாழப் போனார்கள். அவர்களில் மிகப் பலருக்கு அம்மாவோ அப்பாவோ, சிலருக்கு இருவருமே உயிரோடு இருந்தார்கள்.

பெற்றவர்களே ஏன் விட்டார்கள் என்று கேட்பாய். புருஷன் செத்தோ ஓடியோ போன பிறகு தையல் வேலையில் ஒரு பெண் வாடகையும் கொடுத்து மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சியும் ஊற்ற முடியாது. கையில் மாதம் கொஞ்சம் பணம் கொடுத்திருந்தால் பல பிள்ளைகள் ரயிலேறியே இருக்க மாட்டார்கள். அப்படித் தாய்மார்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஒரு மாநிலம் முழுவதற்குமான சட்டம் முதலில் வந்தது 1911இல், இல்லினாயில். அதற்குள் ரயில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நியூயார்க்கிலேயே 1869இல் சிஸ்டர் ஐரீன் என்ற கன்னியாஸ்திரீ கைக்குழந்தைகளுக்காக ஒரு இல்லம் திறந்தார். வாசலில் ஒரு தொட்டில் இருக்கும். இரவில் வந்து குழந்தையைக் கிடத்திவிட்டுப் போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்படி விட்டுப்போன தாய்மார்கள் பலர் குழந்தையின் துணியில் ஒரு சீட்டு குத்திவைத்தார்கள். பிறந்த தேதி, பெயர், என்றைக்காவது வந்து கூட்டிப்போவேன் என்று ஒரு வாக்கு. அந்தச் சீட்டுகள் சில இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அங்கிருந்து ரயிலேறிய குழந்தைகளின் உடுப்பில் எண் தைத்திருக்கும். அதே எண் அட்டை எதிர்கொள்ள வந்த குடும்பத்தின் கையிலும் இருக்கும். அம்மா குத்திய சீட்டு இருந்த இடத்தில் எண் வந்து உட்கார்ந்தது.

பிரேஸை நீ வில்லனாக்கவில்லை, நல்லது. அந்த மனுஷன் உண்மையிலேயே நம்பினார். தெருவில் பேப்பர் விற்று, மரப்பெட்டிக்குள் தூங்கிய பையன்களுக்கு ஒரு பண்ணை வீடும் சாப்பாட்டு மேஜையில் ஓர் இடமும் கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தார். கிடைத்ததும் உண்டு. 1859இல் இண்டியானாவுக்குப் போன ஒரே கூட்டத்திலிருந்து இரண்டு பையன்கள், ஆண்ட்ரூ பர்க் பின்னாளில் வட டகோட்டாவுக்கும் ஜான் பிரேடி அலாஸ்காவுக்கும் ஆளுநர்கள் ஆனார்கள். ஆனால் அதே ரயிலில் போய், பண்ணையில் சம்பளமில்லாத வேலையாளாகி, மாட்டுக் கொட்டகையில் படுத்தவர்களும் உண்டு. சொசைட்டியின் ஆள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார் என்பது ஏற்பாடு. மீதி நாட்களில் யார் பார்ப்பது?

மேடைக் காட்சியை நீ அவசரமாகக் கடந்துவிட்டாய். அதைக் கொஞ்சம் நிறுத்தி எழுது. ஊர் நாடகக் கொட்டகையிலோ சர்ச்சிலோ பிள்ளைகளை வரிசையாக நிற்க வைப்பார்கள். பிள்ளை எடுக்க வருகிறவர்கள் புஜத்தை அழுத்திப் பார்ப்பார்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்ப்பார்கள். மாட்டுச் சந்தை பார்த்திருக்கிறாய்தானே? அக்காவை ஒரு வண்டியும் தம்பியை இன்னொரு வண்டியும் ஏற்றிக்கொண்டு போகும். 1854இல் முதல் கூட்டம் மிச்சிகனில் டவாஜியாக் என்ற சிற்றூரில் விடியுமுன் இறங்கி, ஸ்டேஷனிலேயே படுத்துத் தூங்கியது. உன் பிள்ளைகளையும் ஒரு ராத்திரி அப்படித் தூங்க வைக்கலாம்.

ஒருவர் முதுமையில் சொன்ன நினைவு ஒன்று இருக்கிறது. 1920களில் டெக்சாஸ் பக்கம் போன சிறுவன் அவர். வழியனுப்ப வந்த அப்பா, தன் விலாசம் எழுதிய இளஞ்சிவப்பு உறை ஒன்றைக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டார். பையன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான். விழித்தபோது உறை இல்லை. கேட்டதற்கு, போகிற இடத்தில் அது தேவைப்படாது என்று கூட வந்த அம்மாள் சொல்லிவிட்டார். புது வாழ்க்கை தொடங்க வேண்டுமென்றால் பழையது அறுந்துவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

உன் சின்னத் தாத்தா, அதாவது என் சித்தப்பா, 6 வயதில் பிள்ளையில்லாத பெரியப்பா வீட்டுக்குத் தத்துப் போனவர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவருக்கு நரைத்த பிறகும், பொங்கலன்று வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் எங்கள் அப்பத்தா முதல் இலை போடுவாள். இரண்டு தெருவுக்கே அப்படி என்றால், ஆயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் பிள்ளையை அனுப்பிவிட்டு, கடிதம் போட விலாசம் கூட இல்லாமல் நியூயார்க்கில் இருந்தவளை நினைத்துப் பார்.

அதனால் காய்ச்சலை எடுத்துவிடு. அந்த அம்மா இருக்கட்டும். பிள்ளைகள் போன மறுநாள் அவள் வேலைக்குப் போயிருப்பாள், சாயந்திரம் திரும்பி வந்திருப்பாள். அங்கிருந்து ஆரம்பித்து நான்காம் அத்தியாயத்தை எழுதி அனுப்பு. அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு பெயர் வை.

அன்புடன்,
உன் அத்தை