ஸ்டீல் டார்கெட் சுடப் போற டெக்ஸாஸ் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம். வீக்கெண்ட் ஆனா யாரோ ஒருத்தர் நிலத்துல கூடி ஸ்டீல் பிளேட் சுடறது இப்போ நம்ம ஆளுங்ககிட்ட நல்லா பரவிடுச்சு, அதுல எனக்கு சந்தோஷம்தான், குண்டு பட்டதும் டிங்னு சத்தம் வரும்போது வர்ற குஷியே தனி. ஆனா அங்க கொண்டு வர்ற சில பிளேட்டைப் பார்த்தா வயித்தைக் கலக்குது, அதான் எழுதறேன்.

இதுக்குன்னே விக்கிற ஏஆர்500 பிளேட்டோட கடினம் பிரினெல் கணக்குல 500 பக்கம். பழைய இரும்புக் கடையில கிடைக்கிற சாதா இரும்பு அதுல கால்வாசி பக்கம்தான் வரும், ரைஃபிள்ல ரெண்டு அடி அடிச்சாலே குழி விழுந்துடும். குழிதாங்க எமன். சமமான பிளேட்டுல பட்ட குண்டு பொடியாகி பிளேட்டோட முகத்தை ஒட்டியே பக்கவாட்டுல சிதறும், ஆனா குழிக்குள்ள பட்டா அந்த வளைவு துண்டுகளை சுட்டவர் பக்கமே திருப்பி விட்டுடும். அதனால சுட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிளேட்டைத் தடவிப் பாருங்க, நகம் மாட்டற மாதிரி குழியோ அதைச் சுத்தி மேடோ இருந்தா யோசிக்காம கழட்டிடுங்க. ஏஆர்500 ஆனாலும் கேஸ் கட்டிங்ல வெட்டினதுன்னா சூடு பட்ட ஓரம் பதம் போயிருக்கும், அதுவும் வேண்டாம்.

மாட்டும்போது மேல்பக்கம் நம்மளைப் பார்த்து 20 டிகிரி சாயற மாதிரி மாட்டுங்க, சிதறல்ல பெரும்பங்கு மண்ணுக்குப் போயிடும்.

தூரம் பிஸ்டலுக்கு 10 யார்டாவது வேணும், ரைஃபிளுக்கு 100 யார்ட். ஏஆர்-15 ரைஃபிளை வெச்சுக்கிட்டு 50 யார்ட்ல நிக்கறாங்க சிலர், தயவுசெஞ்சு வேண்டாம், நொடிக்கு 3,000 அடிக்கு மேல போற குண்டு நல்ல பிளேட்டையே குழியாக்கிடும். முனையில பச்சை பெயிண்ட் அடிச்ச ரைஃபிள் குண்டுக்குள்ளே இரும்பு இருக்கு, அதை டார்கெட் பக்கமே கொண்டு வராதீங்க, சந்தேகமா இருந்தா குண்டுல ஒரு காந்தம் வெச்சுப் பாருங்க, ஒட்டினா டப்பாவை மூடிடுங்க.

அப்புறம் கண்ணாடி. சுடறவர் மட்டும் போட்டுக்கிட்டு பக்கத்துல ஃபோன்ல வீடியோ எடுக்கற மச்சானும் பின்னாடி சேர் போட்டு உக்காந்திருக்கற குடும்பமும் வெறுங்கண்ணோட இருந்தா எப்படிங்க? பவர் கண்ணாடி கணக்குல சேராது. இசட்87னு பாதுகாப்புத் தர முத்திரை போட்ட, பக்கவாட்டையும் மூடற கண்ணாடி எல்லார் முகத்துலயும் ஏறின பிறகுதான் முதல் குண்டு, கூட்டம் கூட்டறவர் யாரோ அவர்தான் இதுக்குப் பொறுப்பு. நாலு கண்ணாடி எக்ஸ்ட்ராவா வண்டியிலயே கிடக்கட்டும்.

சுட்ட கையோட பிரியாணியில கை வெக்காதீங்க, கை நிறைய ஈயத்தூள் இருக்கும். வீட்டுல கைக்குழந்தை இருந்தா சோப்பு போட்டுக் கழுவி சட்டையும் மாத்திட்டு அப்புறம் தூக்குங்க.