முல்லையின் கண்ணுக்காக ஓடியவர்களுக்கு நன்றி

எங்கள் குதிரை முல்லைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதல் நன்றி லாயத்தில் காலை வேலை பார்க்கும் தம்பிக்கு. குதிரையின் கண்ணில் நீர் வடிந்தால் தூசி என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அவன் விடவில்லை. "இடது கண்ணைத் திறக்கவே மாட்டேங்குது அக்கா, கருவிழி மேல நீலமா படர்ந்திருக்கு" என்று விடிவதற்குள் போன் செய்துவிட்டான். யூவியைட்டிஸ் என்கிற இந்த உள்கண் அழற்சியில் மருந்து தள்ளிப்போகப் போகப் பார்வை போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்து மருத்துவர் அம்மா. ஸ்டீராய்டு சொட்டு கையில் இருந்தும் அவசரப்படாமல், புளோரசீன் சாயம் விட்டுப் பார்த்தார். கருவிழியில் புண் இருந்தால் ஸ்டீராய்டு அதை மோசமாக்கிவிடும். புண் இல்லை என்று தெரிந்த பிறகே சொட்டு. சுருங்கிக் கிடந்த பாவையை விரிக்க அட்ரோபின். இல்லையென்றால் பாவையைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் திரை பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளுமாம். வலிக்கு ஃப்ளூனிக்சின். வலியில் இருக்கும் குதிரையின் இமையைத் திறப்பது லேசுப்பட்ட வேலையா? மேல் இமை வழியே மெல்லிய குழாயைப் பொருத்தி, மறுமுனையைப் பிடரி மயிரோடு சேர்த்துப் பின்னிவிட்டார். அப்புறம் கழுத்தருகே நின்றபடியே மருந்து செலுத்தினோம்.

அட்ரோபின் குடலை மந்தமாக்கும். வயிற்றுவலி வந்துவிடக் கூடாதே என்று ராத்திரியில் விலாவில் காது வைத்துக் குடல் சத்தம் கேட்டவர்களுக்கும், சாணம் போட்டாளா என்று பார்த்துக் குறித்து வைத்தவர்களுக்கும் நான் பெரிய கடன்காரி.

ரத்தத்தில் லெப்டோஸ்பைரா என்கிற பாக்டீரியாவுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. கிருமி மாதங்களுக்கோ வருடங்களுக்கோ முன்பே தொற்றியிருக்கலாம், பிறகுதான் கண் அழற்சி தலைகாட்டும், ரத்த முடிவை மட்டும் வைத்து இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று ஆய்வுக்கூடத்து நண்பர் பொறுமையாக விளக்கினார். ஆனாலும் எலி, காட்டு விலங்குகளின் சிறுநீர் கலந்திருக்கக்கூடிய தேங்கிய நீர்ப்பக்கம் குதிரைகள் போகாதபடி வேலி போட்டோம். அதுவரை தன் உலர்ந்த மேய்ச்சல் நிலத்தைத் திறந்துவிட்ட பக்கத்துப் பண்ணை அண்ணனுக்கும் நன்றி.

இடது கண்ணில் பார்வை குறைந்துவிட்டது. வலது கண் தெளிவாக இருக்கிறது. இது திரும்பத் திரும்ப வரக்கூடிய நோய். வந்தால் கண்ணுக்குள் அழற்சியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்துத் தகடு வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முல்லையைப் பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். இடப்பக்கமாக நெருங்கினால் முதலில் குரல் கொடுங்கள், திடுக்கிட்டால் உதைத்துவிடுவாள்.