‘மூன்று மடங்கு குற்றம்’ நோட்டீஸை நாங்கள் ஏன் ஒட்டவில்லை

வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

திண்டுக்கல்லில் மூன்று தலைமுறையாகப் பூட்டு விற்கிற எங்கள் கடையிலிருந்து எழுதுகிறோம். பொங்கல் வாழ்த்து, விலை மாற்றம், கடை விடுமுறை இவை தவிர உங்கள் போனுக்கு நாங்கள் எதுவும் அனுப்புவதில்லை. இந்தத் தடவை கொஞ்சம் நீளம். டீ வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் ஒரு கேமரா கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி வந்தார். கையில் ஒரு கட்டு நோட்டீஸ், சிவப்பு எழுத்து: ‘தமிழ்நாட்டில் ஒரே வருடத்தில் குற்றங்கள் மூன்று மடங்கு! உங்கள் வீடு பத்திரமா?’ வாசலில் ஒட்டினால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்றார். போகும்தான். பயந்து வருகிறவர் பேரம் பேச மாட்டார், இது எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒட்டவில்லை. கட்டு கல்லாவுக்குக் கீழே கிடக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் எஸ்டிமேட் எழுத உதவுகிறது. உங்களில் சிலர் அதில் எஸ்டிமேட் வாங்கிப்போய், திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது நிஜமா?” என்று போன் போட்டீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

எண் நிஜம்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் போடும் அறிக்கையில் தமிழ்நாட்டுக்கு 2019-ல் 4,55,094 வழக்குகள், 2020-ல் 13,77,681. குற்ற விகிதம், அதாவது ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பது, சுமார் 600-லிருந்து 1,808.8-க்குப் போனது. மூன்று மடங்கு சரி. ஆனால் 2020 என்ன வருடம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஊரடங்கு! பால் வாங்க வெளியே போனவர், மாஸ்க் இல்லாமல் பைக்கில் போனவர், நேரம் கழித்து ஷட்டரைத் திறந்துவைத்தவர் என்று எல்லார் மேலும் வழக்கு விழுந்தது. அரசு உத்தரவை மீறியதற்கான, அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவில் நாடு முழுக்க 2019-ல் 29,469 வழக்குகள். அடுத்த வருடம் 6,12,179. அதே 2020-ல் நாடு முழுக்கத் திருட்டு வழக்குகள் 6,75,916-லிருந்து 4,93,172-ஆகக் குறைந்தன. எல்லாரும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் திருடன் எந்த வீட்டுக்குப் போவான்? ஆக, பூட்டுக்கடைக்காரன் கவலைப்பட வேண்டிய குற்றம் குறைந்த வருடத்தைக் காட்டித்தான் எங்களைப் பூட்டும் கேமராவும் விற்கச் சொன்னார்கள். 2021-லேயே தமிழ்நாட்டின் மொத்த வழக்குகள் 7,56,753-ஆக இறங்கிவிட்டன. அதற்கு யாரும் ‘குற்றம் பாதியாகக் குறைந்தது’ என்று நோட்டீஸ் அடிக்கவில்லை.

இந்த விகிதம் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம், அடுத்த தடவை யாராவது வாட்ஸாப்பில் ஃபார்வர்டு அனுப்பினால் நீங்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். பதிவான வழக்குகளை மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அதில் பெரியது மட்டும்தான் கணக்கில் ஏறும்; வீடு புகுந்து நகையை எடுத்துக் கொலையும் நடந்திருந்தால் அது கொலைக் கணக்கு, திருட்டுப் பட்டியலில் வராது. எல்லாவற்றுக்கும் மேலே, பதிவானால்தான் எண். ஸ்டேஷனுக்குப் போகாத களவு, போயும் எழுதப்படாத களவு, இரண்டுமே இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

இந்த இரண்டாவது வகை எங்களுக்கே நடந்தது. சில வருடத்துக்கு முன்னால் எங்கள் குடோனில் பின்பக்க நாதாங்கியை நெம்பி, பித்தளை லீவர் செய்ய வைத்திருந்த தகடுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். (ஆமாம், பூட்டுக்கடைக் குடோன். சொந்தக்காரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். பூட்டு தாங்கியது, நாதாங்கிதான் போனது என்று நாங்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்.) புகார் கொடுத்தோம். கையில் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது. “விசாரிக்கிறோம், போய்ட்டு வாங்க” என்றார்கள். நாங்களும் வேலை கெட்டுப்போகிறதே என்று திரும்பிப் போகவில்லை. அந்தத் தகடுகள் தமிழ்நாட்டின் எந்த வருடக் குற்ற விகிதத்திலும் இல்லை. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீது, வழக்கு பதிவானதற்கான சான்று எஃப்.ஐ.ஆர்.தான்; இந்த வித்தியாசம் தெரியாமல் ரசீதைப் பத்திரமாக பீரோவில் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். வழக்குப் பதியத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கேளுங்கள். மரியாதையாக, ஆனால் கேளுங்கள்.

அதனால் ஒரு மாநிலத்தின் விகிதம் கூடுகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: குற்றம் கூடியிருக்கலாம், இல்லை எழுதுவது கூடியிருக்கலாம். காப்பகத்தின் அறிக்கையே இதைச் சொல்கிறது, யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. கேரளம் இந்தப் பட்டியலில் வருடா வருடம் மேலே நிற்கும். அங்கே பெண் கொடுத்தவர்களோ வேலைக்குப் போனவர்களோ ‘பயங்கரமான ஊர்’ என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அங்கே வழக்கு சுலபமாகப் பதிவாகிறது. இன்னொன்று: 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டம். செயின் பறிப்பு மாதிரியானவற்றுக்கு 304 என்று தனிப் பிரிவே வந்துவிட்டது. முன்னால் இதே சம்பவம் ஒரு ஸ்டேஷனில் திருட்டாகவும் இன்னொன்றில் வழிப்பறியாகவும் பதிவாகும். அறிக்கைகளில் இதற்கு ஒரு தனி வரி முளைக்கலாம், உடனே யாராவது ‘பறிப்பு எகிறியது’ என்று சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் அடிப்பார்.

சரி, விகிதம் போகட்டும். நம் பாக்கெட்டிலிருந்து எவ்வளவு போகிறது?

கணக்குக்காக ஒரு மளிகைக்கடையை எடுத்துக்கொள்வோம். ராத்திரி ஷட்டரை நெம்பிக் கல்லாவிலிருந்து 4,000 ரூபாய் எடுத்துப் போகிறார்கள். எஃப்.ஐ.ஆரில் களவுபோன மதிப்பு 4,000. வளைந்த ஷட்டரை நிமிர்த்த, பட்டி மாற்ற ஒரு 7,000. கைரேகை எடுக்கும் வரை கடை மூடல், ஒன்றரை நாள் வியாபாரம், தயிரும் வாழைப்பழமும் வீண். ஸ்டேஷனுக்கு நாலு நடை. ராத்திரிப் பொறுப்பில் இருந்த பையன் வேலையை விட்டுப் போய்விடுகிறான். இவ்வளவும் அந்த ஒரு கடைக்கு. அடுத்த வாரம் அதே வரிசையில் இருக்கிற பத்துக் கடைக்காரர்களும் எங்களிடம் வருவார்கள்: ஆளுக்கு இரண்டு ஷட்டர் பூட்டு, நாலு பேர் கேமரா, எல்லாரும் சேர்ந்து ஒரு கூர்க்காவுக்கு மாதச் சம்பளம். பத்து மணி வரை திறந்திருந்த கடைகள் எட்டரைக்கே மூடும், அந்த ஒன்றரை மணி நேர வியாபாரமும் போச்சு, கடைசி பஸ்ஸில் இறங்கி வருகிற பெண்கள் இருட்டான தெருவில் நடக்க வேண்டியிருக்கும், அதனால் சிலர் ராத்திரி ஷிப்டையே வேண்டாம் என்பார்கள். திருடனுக்குக் கிடைத்தது 4,000. தெருவுக்கு ஆன செலவு அதைப்போல எத்தனையோ மடங்கு. வெளிப்படையாகச் சொன்னால் அந்தச் செலவில் ஒரு பங்குதான் எங்கள் வருமானம்.

பயத்துக்காகக் கொடுக்கும் பணத்துக்கு இன்னொரு உதாரணம் பேங்க் லாக்கர். நகையை உள்ளே வைத்துவிட்டால் பேங்க் பொறுப்பு என்று நினைக்கிறோம். 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, பேங்கில் திருட்டு, தீ, ஊழியர் மோசடி நடந்தால் அதன் பொறுப்பு வருட வாடகையைப்போல நூறு மடங்கு வரைதான். வாடகை 2,000 என்றால் 2 லட்சம். உள்ளே எத்தனை பவுன் வைத்திருக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்க மாட்டோம், நீங்களே கணக்குப் போடுங்கள். அப்படியும் வீட்டு பீரோவைவிட லாக்கர் மேல் என்பதுதான் எங்கள் கருத்து, பீரோவும் விற்கிறோம் என்றாலும்.

அரசின் பங்கும் நம் காசுதான். தமிழ்நாடு காவல்துறைக்கு வருடத்துக்கு ஒதுக்குவது 10,000 கோடி ரூபாய்க்கு மேல். ஏழரைக் கோடிக்குக் கொஞ்சம் கூடுதலான மக்களுக்குப் பிரித்தால் தலைக்கு 1,300 ரூபாய்க்கு மேல். பந்தோபஸ்து, போக்குவரத்து, திருவிழா எல்லாம் இதில் உண்டு, முழுக்கக் களவுக்கான செலவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீதிமன்றமும் சிறையும் இதற்கு வெளியே.

இப்போது எங்களால் பூட்டே போட முடியாத இடத்துக்கு வருகிறோம். 2024-ல் தமிழ்நாட்டில் சைபர் மோசடியில் மக்கள் இழந்தது 1,670 கோடி ரூபாய்க்கும் மேல். நாடு முழுக்க 2023-ல் சுமார் 7,465 கோடியாக இருந்தது 2024-ல் 22,845 கோடியைத் தொட்டது. இங்கே மூன்று மடங்கு என்று சிவப்பு எழுத்தில் போட்டால் நியாயம் உண்டு. ஆனால் குற்ற விகிதத்தில் இது பெரிதாகத் தெரியாது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து கொடுக்கும் புகார்களில் சின்னப் பகுதிதான் எஃப்.ஐ.ஆர். ஆகிறது, காப்பகத்தின் அறிக்கையில் தமிழ்நாட்டின் சைபர் வழக்குகள் வருடத்துக்குச் சில ஆயிரம் மட்டுமே. ஒரு பைக் திருட்டும் ஒரு வழக்கு, போலீஸ் மாதிரி வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி ஓய்வூதியப் பணம் 40 லட்சத்தைப் பிடுங்கினாலும் ஒரு வழக்கு. விகிதத்துக்கு எடை பார்க்கத் தெரியாது. பணம் போனது தெரிந்த உடனே, அந்த மணி நேரத்துக்குள், 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கினால்தான் கொஞ்சமாவது தேறும். வீட்டுப் பெரியவர்களின் போனில் அந்த எண்ணைப் போட்டு வையுங்கள். இதற்கு எங்களுக்குக் காசு எதுவும் வேண்டாம்.

அப்புறம் ஒரு வேலை விஷயம். களவு நடந்த காலையில் முதல் காரியமாக உடைந்த பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப்பூட்டுக்கு எங்களிடம் ஓடி வருகிறீர்கள். வராதீர்கள். களவுக் காப்பீடு எடுத்திருந்தால், பெரும்பாலான பாலிசிகளில் பூட்டையோ கதவையோ உடைத்து நுழைந்ததற்கு அடையாளம் இருக்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். வேண்டும், பொருள் கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்றும் கேட்பார்கள். திறந்துகிடந்த கதவு வழியாக எடுத்துப் போனால் பல பாலிசிகள் கையை விரித்துவிடும். உடைந்த பூட்டுதான் உங்கள் சாட்சி. போட்டோ எடுங்கள், போலீஸ் பார்க்கட்டும், அதன்பிறகு வாருங்கள். ஊருக்குப் போகும்போது பூட்டிய வீட்டைப் பற்றி ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வருவார்கள், அதற்கும் காசில்லை.

கேமரா வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் நாதாங்கியைப் பாருங்கள். 900 ரூபாய் மாங்காய்ப் பூட்டை 40 ரூபாய்த் தகரத்தில் மாட்டியிருக்கும் வீடுகளை நாங்கள் தினம் பார்க்கிறோம், எங்கள் குடோன் உட்பட. தடித்த நாதாங்கி, உள்பக்கம் நட்டு வைத்து முடுக்கியது, இருக்கிறது. பழசைக் கழற்றிப் புதிதாக மாட்டக் கூலி மட்டும் தனி. மாசி மாதம் மாரியம்மன் கோயில் திருவிழா முடியும் வரை ஆள் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது.