பந்தயத்தில் நீ ஜெயித்துவிட்டாய், மாப்ளே

கிருஷ்ணகிரி
ஜூன் 8

அன்புள்ள செந்தில்,

ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் கடை மேஜை டிராயரில்தான் இருக்கிறது. சில்லறை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும், மூடிவிடுவேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். சின்னவன் பத்தாவது பாஸ். உன் வீட்டில் எல்லாரும் நலமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பந்தயத்தில் நீ ஜெயித்துவிட்டாய். வராது என்று நான் அடித்துச் சொன்ன உன் டில்லிப் பக்கத்துக் காசியாபாத் ஷெட் (இன்ஜின்களைப் பராமரிக்கும் பணிமனை) இன்ஜின், நம் சாமல்பட்டி ஸ்டேஷனுக்கு வந்தேவிட்டது.

போன ஞாயிறு காலை சின்னவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பிளாட்பாரக் கோடியில் அதே வேப்பமரம், அதே சிமென்ட் பெஞ்ச். டில்லியிலிருந்து வரும் கேரளா எக்ஸ்பிரஸ் நிற்காமல் போகும் நேரம். வழக்கம்போல சென்னை ராயபுரம் ஷெட் இன்ஜினோ செகந்திராபாத் லாலாகுடா ஷெட் இன்ஜினோ இழுத்துக்கொண்டு வரும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். வளைவில் வெள்ளை உடம்பும் சிவப்புப் பட்டையும் தெரிந்தது; வாப்-7 மின்சார இன்ஜின், அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் எங்களைத் தாண்டும்போது பக்கவாட்டில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. "அப்பா, ஜி.இசட்.பி.!" என்று காசியாபாத்தின் சுருக்கெழுத்தைப் படித்துச் சின்னவன் கத்தினான். அவன் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பத்துத் தடவை பார்த்தோம். சந்தேகமே இல்லை. என் எதிரி ஷெட்தான், ஆனாலும் நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். டிரைவர் பதிலுக்கு ஒரு நீள ஹாரன் கொடுத்தார். இன்னும் காதில் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு நீ ஆடப் போகிறாய் என்று தெரியும். தர்மபுரியில் பிறந்துவிட்டு, டில்லித் தண்ணீரைப் பதினெட்டு வருஷம் குடித்ததும் காசியாபாத் கொடி பிடிக்கிறவன் நீ ஒருவன்தான். பொங்கல் கடிதத்தில் என்ன எழுதினாய்? "கதிமான் எக்ஸ்பிரஸில் ஏறினேன், வாப்-5 இழுக்க 160-இல் பறந்தோம், நிஜாமுதீனிலிருந்து ஆக்ரா 188 கிலோமீட்டர் 100 நிமிஷம். உங்கள் கோவை–பெங்களூரு வந்தே பாரத் 380 கிலோமீட்டர் போக ஆறரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறதாமே, மாட்டைக் கட்டியா இழுக்கிறீர்கள்?" அப்படித்தானே?

மாப்ளே, ஆக்ரா போகிற பாதை மேஜை மாதிரி கிடக்கிறது. அங்கே 160 போக இன்ஜின் இருந்தால் போதும். அந்தக் கதிமானைக் கொண்டுவந்து நம் தொப்பூர் மலைப் பாதையில் விடு, பார்க்கலாம். ஒற்றைப் பாதை, பாம்பு மாதிரி வளைவு, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். 2021 நவம்பர் 12 விடியற்காலை கண்ணூர்–யஸ்வந்த்பூர் வண்டி மேல் பாறை சரிந்து பெட்டிகள் தடம் புரண்டதே, உயிர்ச்சேதம் இல்லாமல் எல்லாரும் தப்பித்தார்கள். அந்த மலையில் ஏறி இறங்குகிற டிரைவர் யாராக இருந்தாலும் நான் கும்பிடுவேன். வேகத்தை மட்டும் அளந்து ஒரு பாதையை மதிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், 2019 பிப்ரவரியில் முதல் வந்தே பாரத் டில்லியிலிருந்து வாரணாசிக்கு ஓடியபோது நீ போனில் கத்தினாய். அதைச் செய்தது எங்கள் சென்னைப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஐ.சி.எஃப். செய்த ஊர்க்காரன் அதில் ஏறுவதற்கு 2022 நவம்பரில் சென்னை–மைசூரு வண்டி வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை. தர்மபுரியில் நிற்கிற வந்தே பாரத் கிடைத்தது 2023 டிசம்பர் கடைசியில்தான்.

"நீ உருகுகிற பழைய ஆல்கோ டீசல் இன்ஜின் மட்டும் எங்கே பிறந்தது, வாரணாசியில்தானே" என்று நீ கேட்பாய். ஆமாம், வாரணாசிதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பாடியது எங்கள் மலையில். முத்தம்பட்டி ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனபோது தயிர்சாத மூட்டையைப் பிரிக்காமல் காத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியுமுன் சத்தம் வரும். ஏற்றத்தில் சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு, நெஞ்சில் அடிக்கிற மாதிரி ஒரு தாளம். மரத்துக்கு மேல் கறுப்புப் புகை. கடைசி வேகன் போய் வெகு நேரம் வரை நாம் பேசவே இல்லை. இப்போது அந்தப் பாதைக்கும் கரண்ட் வந்துவிட்டது. நல்லதுதான், புகை இல்லை, வண்டி சுலபமாக ஏறுகிறது. எனக்குத்தான் அங்கே போக மனசு வரவில்லை.

இப்போது நான் எழுதாமல் இருந்த காரணம். உன் கடிதத்தின் கடைசி வரி: "ஸ்டேஷனே இல்லாத ஊர்க்காரன் தெற்குக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டான்." நீ விளையாட்டாகத்தான் எழுதினாய். ஆனால் அதைப் படித்த வாரம் கணக்கு வாத்தியார் படுக்கையில் இருந்தார். மார்ச்சில் போய்விட்டார், செந்தில். உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நானும் சொல்லாமல் விட்டேன். மன்னித்துக்கொள்.

நம் இரண்டு பேர் சண்டையையும் தீர்த்துவைக்கிறவர் அவர்தான். கடைசியாகப் பார்க்கப் போனபோது மறுபடி அந்தச் சின்ன ரயில் கதையைத்தான் சொன்னார். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, இரண்டரை அடி அகலப் பாதை. 1905-இல் வந்தது, 1941-இல் போர்க் காலத்தில் நின்றது. தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை ஓடிய சின்ன ரயிலுக்கும் அதே கதிதான். ஆறு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து கடைசி நாட்களில் ஏறினாராம். "நம்ம ஊருக்கும் ரயில் இருந்ததுடா, யாருக்கும் தெரியலையே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் வரி அந்த இடத்தில் போய்த் தைத்தது.

மொரப்பூர்–தர்மபுரி 36 கிலோமீட்டருக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். கிருஷ்ணகிரிக்கோ ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பேச்சு. மாவட்டத் தலைநகரம், மாங்காய் மண்டியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, ரயில் பார்க்க என் பையன் பஸ் ஏற வேண்டும். அவன் காலத்திலாவது வர வேண்டும். இதில் எனக்கு வடக்கு தெற்கு கிடையாது. ஜார்க்கண்டிலிருக்கும் கோமோ ஷெட் இன்ஜின் இழுத்துக்கொண்டு வந்தாலும் மாலை போடுவேன்.

வாத்தியார் வீட்டில் அவருடைய இன்ஜின் நம்பர் நோட்டுகள் மூன்றையும் எனக்குக் கொடுத்தார்கள். நடுவில் நம் கையெழுத்தும் இருக்கிறது. நீ எட்டாவது படிக்கும்போது எழுதிய தப்பு நம்பரை அவர் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார். நீ வரும்போது காட்டுகிறேன், தபாலில் அனுப்ப மாட்டேன்.

பந்தயப்படி ஒரு பெட்டி செந்தூரா மாம்பழம். என் மைத்துனர் மகன் பதினான்காம் தேதி சேலத்தில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறுகிறான். புது டில்லி ஸ்டேஷனில் போய் வாங்கிக்கொள். எந்த ஷெட் இன்ஜின் வந்து நின்றது என்று பார்த்து எழுது. ராயபுரமாக இருந்தால் பந்தயம் சரிக்குச் சரி. மேல் அடுக்கு பழுத்துவிடும், முதலில் அதைச் சாப்பிடுங்கள். அடியில் இருப்பது இன்னும் நான்கு நாள் தாங்கும்.

உன்
குமார்