கூட்டாமல் விட்ட மரத்தடி

பினாங்கு,
நவம்பர் 9

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அம்மாவும் நானும் நலம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஆனால் குனிந்து வாசல் கூட்ட இன்னும் முடியவில்லை. இந்தக் கடிதத்துக்கே அதுதான் காரணம்.

மூன்று வாரமாகக் கூட்டாமல் கிடந்த ரம்புத்தான் மரத்தடியில், வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சருகு புரளும் சத்தம் கேட்டது. மைனாவாக இருக்கும் என்று சமையலறை ஜன்னலுக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கறுத்த முகம், வெள்ளைத் தொண்டை, பச்சை முதுகு, தோளில் மின்னும் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் சுமந்துகொண்டு அது ஒரு மண்புழுவை இழுத்துக்கொண்டிருந்தது. வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு குட்டை.

தமிழ்நாட்டில் விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் ஆறுமணிக் குருவி என்கிறார்களே, அதன் நெருங்கிய உறவான நீலச்சிறகு பிட்டா இது. மலாயில் பிட்டாக்களுக்குப் 'பூரோங் பாச்சாட்' என்று பெயர். பாச்சாட் என்றால் காட்டு அட்டை. இவ்வளவு அழகான பறவைக்கு இப்படியொரு பெயர்! வடக்கே கூடு கட்டுபவற்றில் பல, ஆண்டின் இந்தக் கடைசி மாதங்களில் இரவோடு இரவாகப் பறந்து தெற்கே வருகின்றன. தண்ணீர்மலைக்குப் பக்கத்தில், 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் எத்தனையோ ஆண்டுகள் காலை நடை போயும் என் கண்ணில் படாதது, சருகும் புழுவும் சேர்ந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டது.

நீ விட்டுப்போன கேமராவை ஜன்னல் கட்டையில் ஊன்றி எடுத்தேன். நிழல் அதிகமாக இருந்ததால் கேமரா ஒளியை உணரும் திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 3200 வைத்தும் ஷட்டருக்கு 1/60 நொடிக்கு மேல் வேகம் கிடைக்கவில்லை. அதுவோ தத்தித் தத்தி ஓடிக்கொண்டே இருந்தது. பறவை மிரளும் என்பதால் பிளாஷ் போடவில்லை. 41 படங்களில் மூன்றுதான் தேறின.

அலையாத்திக் காட்டுப் பிட்டாவும் ஏறக்குறைய இதே தோற்றம்தான், ஆனால் அதன் அலகு இன்னும் நீண்டு தடித்திருக்கும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் அலகு சிறிதாகத்தான் தெரிகிறது. எதற்கும் நீயும் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்.

தீபாவளிக்கு வந்தவர்கள் இந்தக் குப்பையைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று அம்மா இன்னும் முணுமுணுக்கிறாள். ஆனால் இன்று காலை துடைப்பத்தோடு போனவள் வாசலை மட்டும் கூட்டிவிட்டு, மரத்தடிப் பக்கம் போகாமல் திரும்பிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா