ஃபயர்வாலை இயக்கியே கொடுங்கள்: லினக்ஸ் டிஸ்ட்ரோ உருவாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெஸ்க்டாப் லினக்ஸ் டிஸ்ட்ரோக்களை, அதாவது நிறுவத் தயாரான லினக்ஸ் தொகுப்புகளை, உருவாக்கிப் பராமரிக்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

உங்களில் பலர் சம்பளமே இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்று தெரியும், அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன். வீட்டுப் பயனருக்குத் தரும் பதிப்பில், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் முதல் நாளிலிருந்தே இயங்கட்டும், வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரைப் போட்டால் கடவுச்சொல் நுழைவு அணைந்தே இருக்கட்டும். வேண்டியவர் திறந்துகொள்வார்.

என் சித்தியின் மகன், வீட்டுக்குள் கோப்புகளை மாற்றிக்கொள்ள சித்தியின் கணினியில் ஓபன்எஸ்எஸ்ஹெச் என்ற எஸ்எஸ்ஹெச் சர்வரை நிறுவினான். ஒரே கட்டளை. ஒரு கேள்வியும் இல்லை, சேவை உடனே ஓடத் தொடங்கியது, ஃபயர்வால் நிரல் கணினியிலேயே இருந்தும் நீங்கள் கொடுத்தபடி அணைந்து கிடந்தது. அப்புறம் எந்நேரமும் விசிறி இரைச்சல். திறந்து பார்த்தால் யாருக்கோ கிரிப்டோ நாணயம் ஈட்டித் தரும் ஒரு மைனர் நிரல் ஓடுகிறது, அதை நிறுத்தினாலும் மறுபடி எழுப்ப, நேரப்படி நிரல்களை ஓட்டும் கிரான்டேப் பட்டியலில் ஒரு வரி, கூடவே கடவுச்சொல் இல்லாமலே நுழைய யாருடையதோ ஒரு எஸ்எஸ்ஹெச் சாவி. கணினியின் பதிவேடான லாகைப் புரட்டினால் தோற்ற நுழைவு முயற்சிகள் வரிசை வரிசையாக, எல்லாமே அதே வைஃபையில், ரவுட்டருக்கு உள்ளேயே இருந்த கண்காணிப்புக் கேமராவின் முகவரியிலிருந்து. கடைசியில் ஒன்று உள்ளே போய்விட்டது. ரவுட்டர் பார்த்துக்கொள்ளும், வீட்டுக் கணினிக்கு ஃபயர்வால் எதற்கு என்று இன்னும் சொல்பவர்கள் அந்த லாகைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினோம். சித்தி கேட்டது ஒன்றுதான்: "நான் எதையாவது தப்பா அழுத்திட்டேனாப்பா?" அவர் எதையும் அழுத்தவில்லை. ஆனாலும் இப்போது அந்தக் கணினியைத் தொடவே பயப்படுகிறார், பேரன் படங்களைப் பார்க்கக்கூட யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது யார்?

இதெல்லாம் உங்களுக்குப் புதிதல்ல. 2001-இல் ராமென் என்ற புழு (தானாகப் பரவும் தீநிரல்) ரெட் ஹாட் லினக்ஸ் 6.2, 7.0 கணினிகளில் புகுந்தது, பலர் ஓடுகிறது என்றே அறியாத சேவைகளின் ஓட்டைகள் வழியாக. 2016-இல் மிராய் என்ற தீநிரலுக்கு ஓட்டைகூடத் தேவைப்படவில்லை, தயாரிப்பாளர்கள் வைத்தே விற்ற 60-க்கும் மேற்பட்ட இயல்புப் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளை, தொலைவிலிருந்து நுழைய உதவும் பழைய முறையான டெல்நெட்டில் போட்டுப் பார்த்தே கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. 2015-இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.0, கணினியின் முழு உரிமையும் உள்ள ரூட் கணக்குக்குக் கடவுச்சொல் நுழைவை இயல்பாகவே மறுத்துவிட்டது. ரூட்டுக்குச் சரி என்று பட்டது சித்தியின் கணக்குக்கு ஏன் படவில்லை? மைனர் ஓட ரூட் உரிமையே தேவையில்லையே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்களிடம் "லினக்ஸுக்கு வைரஸே வராது" என்று சொல்லி அழைப்பதை நாம் எல்லோருமே நிறுத்த வேண்டும். கேட்டால் கிளாம்ஏவி என்ற வைரஸ் தடுப்பு நிரலைப் போடு என்கிறார்கள். அது கோப்புகளைச் சோதிக்கும், நல்லதுதான், ஆனால் கடவுச்சொல்லை ஊகித்து நுழைபவனை அது எப்படித் தடுக்கும்? பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக வருவதைக்கூடச் சில டிஸ்ட்ரோக்களில் பயனரே தேடிப்போய் இயக்க வேண்டியிருக்கிறது. அமைப்புகளுக்குள் போய்ப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

ஃபயர்வாலை இயக்கினால் பிரிண்டர் தெரியாமல் போகும் என்பீர்கள். நியாயமான கவலை. அதற்கு, வீட்டு நெட்வொர்க்கில் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவும் எம்டிஎன்எஸ் பயன்படுத்தும் 5353 யுடிபி போர்ட்டை (இணைப்பு வாசலை) மட்டும் வீட்டு நெட்வொர்க்குக்கு விட்டுக்கொடுக்கலாம். ஓப்பன்சூசே என்ற டிஸ்ட்ரோ ஃபயர்வாலை இயக்கியேதான் தருகிறது, யாரும் அதனால் அச்சடிக்காமல் இருந்துவிடவில்லை.

கோபத்தில் சில சொற்கள் கடுமையாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அதே இரண்டுதான்: ஃபயர்வால் இயங்கியே வரட்டும், எஸ்எஸ்ஹெச்சில் கடவுச்சொல் நுழைவு அணைந்தே வரட்டும். அடுத்த பதிப்பிலேயே தயவுசெய்து இதைச் செய்யுங்கள். சோதனைப் பதிப்பு வந்தால் நிறுவிப் பார்த்து வழுக்களைச் சொல்லவும், அமைப்புத் திரைகளைத் தமிழாக்கித் தரவும் நான் தயார்.